மகளுக்குக் கட்டிய வீட்டில் வாடகைக்கு

தூத்துக்குடியில் பதினோரு வீடு பார்த்தோம். ஒன்பது வீட்டில் என் வயதைக் கேட்டார்கள். எழுபத்தொன்று என்றதும் அந்த ஒன்பது முகங்களும் ஒரே மாதிரி மாறின. திரேஸ்புரம் பக்கத்தில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் மனதில் இருந்ததை வாய்விட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடக் கூடாது. மாடி வீடு. ரெண்டு பேரும் வயசானவங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா இந்தப் படி வழியா எறக்கணும்லா? படி குறுகலு."

படியைப் பார்த்தேன். குறுகல்தான். பதினாறு படி, நடுவில் ஒரு திருப்பம். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆட்டோவில் ஏறிய பிறகு என் மனைவி, "எறக்க முடியுதா இல்லையான்னு ஒரு தடவ பாத்துட்டே வந்திருக்கலாம்" என்றாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

சென்னைப் புறநகரில் ஒரு தனியார் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் ஆங்கிலம் கற்பித்தவன் நான். ஓய்வு பெற்றபின் மகன் வீட்டில் இருந்தோம். இரண்டு படுக்கையறை வீடு. ஒன்று அவர்களுக்கு, ஒன்று பிள்ளைகளுக்கு. கூடத்தில் இருந்த சோஃபாவை இழுத்தால் கட்டிலாகும். பேரப்பிள்ளைகள் டிவி பார்த்து முடிக்கும்வரை அது சோஃபாவாகவே இருக்கும். யாரும் எங்களை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் இழுத்தால் கட்டிலாகிற ஒன்றில் எத்தனை வருடம் படுக்க முடியும்?

வேலை தேடினேன். பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நிலையங்கள் சென்னையில் தெருவுக்கு இரண்டு. ஒன்றில் என்னை நேர்காணல் செய்த பெண்ணுக்கு என் மூத்த பேத்தியைவிட நான்கு வயதுதான் கூட இருக்கும். "சாருக்கு எனர்ஜி எப்படி?" என்று கேட்டாள். தாம்பரம் தாண்டிப் பார்த்தேன், செங்கல்பட்டு தாண்டிப் பார்த்தேன். கடைசியில், என்னோடு வேலை பார்த்த ஒருவர் போனில் சொன்னார்: காயல்பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளி. ஆங்கிலத்துக்கு வருகிறவர்கள் ஒரு வருடத்தில் ஓடிவிடுகிறார்கள். ஓடாத ஆள் வேண்டுமாம்.

"எனக்கு ஓடுகிற வயசு தாண்டிடுச்சு" என்றேன். வேலை கிடைத்தது. நான் கயத்தாறுப் பக்கம் பிறந்தவன். அவளுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு வயல் கிராமம். நாற்பது வருடத்துக்குப் பிறகு சொந்த மாவட்டத்துப் பேச்சைக் கேட்கப் போகிறோம் என்று அவளுக்கு மகிழ்ச்சி. வீடு கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

முதல் சில வாரம் தூத்துக்குடியில் ஒரு லாட்ஜில் இருவரும் தங்கி வீடு தேடினோம். அங்கிருந்தே நான் பஸ்ஸில் பள்ளிக்குப் போய் வந்தேன். பள்ளியில் எனக்கு உதவியாக ஒரு இளம் ஆசிரியையைக் கொடுத்திருந்தார்கள். பி.ஏ. முடித்து அதே பள்ளியில் சேர்ந்தவள். வருகைப்பதிவு எடுப்பாள், நான் பேசுவது புரியாத பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்வாள். ஒரு நாள் நான் பஸ் தூசியோடு வகுப்புக்குள் நுழைந்ததைப் பார்த்து, "சார், எங்க வாப்பாகிட்ட கேக்கவா? எங்க வீட்டுக்கு அடுத்தாப்புல ஒரு வீடு பூட்டித்தான் கிடக்கு" என்றாள்.

அது எந்த வீடு என்பதை அவள் சொல்லவில்லை. அவளுடைய வாப்பாதான் சொன்னார்.

அந்த ஊரில் கல்யாணமானால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். அதனால் மகள் பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு கட்டிவிடுவார்கள். வளைகுடாவில் வாழ்நாளைக் கழித்துவிட்டுத் திரும்பியிருந்த அவருக்கு இரண்டு மகள்கள். சுவரோடு சுவராக இரண்டு வீடு கட்டியிருந்தார். மூத்தவள் கணவன், குழந்தைகளோடு ஒன்றில் இருந்தாள். பெற்றோரும் இளையவளும் அவளோடுதான். இரண்டாவது வீடு என் உதவி ஆசிரியைக்கு.

"பொண்ணு இப்போதைக்கு வேணாம், வேலை பாக்கணும்னு சொல்லுது சார். ரெண்டு வருசம் ஆகும். வீட்ட சும்மா பூட்டி வச்சா உப்புக்காத்துல கெட்டுப்போகுது. வாத்தியார் இருந்தா எங்களுக்கும் நல்லதுதானே" என்றார்.

"நீங்க சொன்ன அடுத்த மாசம் காலி பண்ணிடுவேன் காக்கா" என்றேன். அந்த ஊரில் காக்கா என்றால் அண்ணன். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன். அவர் என் வயதைக் கேட்கவே இல்லை.

ஏழு ஜன்னல் உள்ள வீடு. தரையில் ஒரு கீறல் கிடையாது. சமையலறையில் யாரும் சமைத்ததில்லை. புதுக் கட்டில் ஒன்று பாலித்தீன் உறை பிரிக்காமல் உள்ளறையில் நின்றது. அந்த அறையை மட்டும் நாங்கள் திறப்பதில்லை என்று மனைவி முதல் நாளே முடிவு செய்துவிட்டாள்.

வீடுகளின் பின்பக்கம் குறுகலான சந்துகள் ஓடும். முடுக்கு என்பார்கள். பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வரும் வழி அது. ஆண்கள் அதில் நடப்பதில்லை. இது தெரியாமல் முதல் வாரம் நான் பால் பாக்கெட்டோடு அதில் நுழைந்துவிட்டேன். எதிரே வந்த மூன்று பெண்கள், வந்த வழியே திரும்பிப் போனார்கள். ஒரு சொல் இல்லை, ஒரு முறைப்பு இல்லை. மாலையில் காக்கா வந்து, "சார், பால்காரன வாசலுக்கே வரச் சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவுதான். அந்த ஊர் ஆட்கள் ஒன்றைச் சொல்கிற விதம் அது. அன்றைக்கே அதை நான் படித்துக்கொண்டேன். பின்னால் நடந்ததற்கு, எனக்குப் புரியவில்லை என்று சாக்குச் சொல்ல இதனால்தான் வழியில்லை.

என் மனைவிக்கு அந்த முடுக்கு பெரிய வாழ்க்கையாகிவிட்டது. பின்கதவைத் திறந்து போனால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவாள். வரும்போது கையில் ஏதாவது பலகாரக் கிண்ணம் இருக்கும். சென்னையில் பத்து வருடம் லிஃப்ட்டில் மட்டுமே மனிதர்களைப் பார்த்தவள்.

எனக்கு வகுப்புகள். பகலில் பள்ளிப் பிள்ளைகள். மாலையில் கல்யாணமான இளம்பெண்கள் இருபத்தாறு பேர், கணவன்மார் துபாயிலும் ஹாங்காங்கிலும் இருப்பவர்கள். விசா நேர்காணலுக்கும் விமான நிலையத்துக்கும் ஆங்கிலம் வேண்டும் என்று சேர்ந்தார்கள். உண்மையில் அவர்களுக்கு வேண்டியது வேறு. ஒருத்தி எழுந்து, "சார், அவங்க போன்ல 'ஐ வில் கால் யூ லேட்டர்'னு சொன்னா என்ன பதில் சொல்லணும்?" என்று கேட்டாள்.

"ஓகேன்னு சொல்லலாம்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏளா, ஓகே சொன்னா லேட்டர் வரவே வராது. 'நோ, நவ்'னு சொல்லு!"

வகுப்பே சிரித்தது. என் உதவி ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் காலையில் எழும்போது எங்கோ போகவேண்டும் என்ற நினைப்போடு எழுவது சின்ன விஷயம் இல்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் நாலு நிமிட நடை. எனக்கு அந்த இடம் வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. மனைவி முடுக்கிலிருந்து செய்தி கொண்டுவந்தாள். இளையவளுக்குச் சம்பந்தம் முடிவாகிவிட்டது. உள்ளூர்ப் பையன். தோஹாவில் வேலை. அவளே பார்த்து, பேசி, பிடித்திருக்கிறது என்று சொன்ன பையன். இரண்டு மாத விடுப்பில் வருகிறான். அதை விட்டால் அடுத்த விடுப்புக்கு இரண்டு வருடம்.

"வீடு வேணும் அவங்களுக்கு" என்றாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. சொல்லவும் மாட்டாங்க. நமக்குத் தெரியாண்டாமா?"

காக்கா சொல்லட்டும் என்றேன். அவர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்தார்.

"மோட்டார் ஓடுதா சார்?"

"ஓடுது காக்கா."

"தண்ணி உப்பு அடிக்குதா?"

"முன்னைக்கு இப்பப் பரவாயில்ல."

சுவரைப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே ஓர் இடத்தில் உப்பு பூத்திருந்தது. "இப்பல்லாம் பெயின்டர் கிடைக்கிறது பெருங்கஷ்டமா இருக்கு சார். முன்கூட்டியே சொல்லி வச்சாத்தான் வாரான்."

எனக்கு விளங்கியது. பால் பாக்கெட்டுக்குப் பிறகு விளங்காமல் இருக்க முடியுமா? நான் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். "சுவரு நல்லாத்தானே இருக்கு காக்கா. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கைவைக்கவே வேண்டாம்" என்றேன்.

அவர் மிச்ச சாயாவைக் குடித்தார். "சரிதான் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மனைவி உள்ளே இருந்து வந்தாள். "என்ன மனுசன் நீங்க?"

"அவர் கேக்கலையே."

"வாத்தியாரப் பாத்து வெளிய போன்னு சொல்லுவாங்களா அவங்க? நீங்களாச் சொல்லணும். கல்யாணம் எப்போ, நாங்க எப்போ காலி பண்ணணும்னு நீங்கதான் கேட்டிருக்கணும். சுவரத் தட்டுதாராம் சுவர!"

வீடு தேடத் தொடங்கினேன். தேடினேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆத்தூரில் ஒன்று பார்த்தேன், கொசு என்றேன். திருச்செந்தூரில் ஒன்று, கோயில் கூட்டம் என்றேன். இரண்டு இடத்தில் பழையபடி என் வயதைக் கேட்டு அவர்களே மறுத்துவிட்டார்கள். அந்த இரண்டையும் வீட்டில் விரிவாகச் சொன்னேன். ஆறுமுகநேரியில் பார்த்த வீட்டில் குறை ஒன்றுமே இல்லை. தரைத்தளம், நல்ல தண்ணீர், வயது கேட்காத வீட்டுக்காரர், பஸ்ஸில் பத்து நிமிடம். அதனால் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் குறை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எதிரே டயர் கடை, சத்தம் ஆகாது என்றேன்.

"உங்களுக்கு இடது காது கேக்காதுல்லா? அந்தக் காத டயர் கடைப் பக்கமா வச்சுப் படுங்க" என்றாள்.

என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். இந்த வீட்டைவிட்டு ஒருமுறை பெட்டியைக் கட்டினால் அது சென்னைவரை போய்விடும் என்று பயந்தேன். கேட்கும்போது போகலாம், அவர்கள் கேட்கவில்லையே என்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அவர்கள் கேட்கமாட்டார்கள் என்பதை வைத்துத்தான் கணக்குப் போட்டேன். அவர்களுடைய மரியாதையில் நான் குடியிருந்தேன்.

அந்தப் பெண் பள்ளியில் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் போல வருகைப்பதிவு எடுத்தாள், எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். கல்யாண அழைப்பிதழை இரண்டு கையாலும் கொடுத்து, "மாமியையும் கூட்டிட்டு வரணும் சார்" என்றாள். வீட்டைப் பற்றி நான் ஏதாவது சொல்வேன் என்று சற்று நின்றாள். நான் அழைப்பிதழின் அச்சு நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

மாப்பிள்ளை வந்து இறங்கினான். மணமக்களுக்கு மூத்தவள் வீட்டு மாடியறையை ஒதுக்கினார்கள். அது மூத்தவளின் பிள்ளைகள் மூன்று பேர் படுக்கிற அறை. பிள்ளைகள் பாயோடு கூடத்துக்கு இறங்கினார்கள். இதையும் மனைவிதான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு எனக்குச் சாப்பாடு போடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கல்யாண விருந்துக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து அதைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சஹன் என்று பெயர். காக்கா என்னைத் தன் தட்டிலேயே உட்கார வைத்தார். மூன்றாவதாக மாப்பிள்ளையின் தாய்மாமன், சென்னையிலிருந்து வந்தவர், நான் யாரென்று தெரியாதவர்.

இரண்டு கவளம் போயிருக்கும். தாய்மாமன் கேட்டார்: "வீடு என்ன மச்சான், இன்னும் வேலை முடியலியா? பொண்ணு மாப்புளய மாடியில ஏத்தி விட்டிருக்கீங்க. எங்க லாத்தாவுக்கு, மாப்புளயோட உம்மாவுக்கு, மனசே இல்ல."

காக்கா நிமிரவில்லை. "கொஞ்சம் பெயின்ட் வேலை இருக்கு மச்சான். பெயின்டர் ஏமாத்திட்டான். இன்ஷா அல்லாஹ், முடிஞ்சுரும்" என்றார். சொல்லிக்கொண்டே, எலும்பில்லாத கறித்துண்டாகப் பார்த்துத் தட்டில் என் பக்கமாக ஒதுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. "சாப்பிடுங்க சார். பல்லுக்கு இதமா இருக்கும்."

"ஆமா, இந்தப் பெயின்டர்ங்கள நம்பவே முடியாது" என்று தாய்மாமன் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்த மூன்று துண்டையும் தின்றேன். தின்னாமல் இருந்தால் காக்கா சங்கடப்படுவார் என்று அப்போது தோன்றியது. இப்போது அதுவும் ஒரு சாக்கு என்று தோன்றுகிறது.

பந்தியிலிருந்து எழுந்து கை கழுவிய இடத்திலேயே நின்று ஆறுமுகநேரி வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். வீடு இருந்தது. அந்த வாரமே சாமானை ஏற்றினோம். சாவியைக் கொடுக்கும்போது மன்னிப்புக் கேட்டேன். "என்ன சார் இது, நீங்க இருந்ததாலதான் வீடு நல்லா இருக்கு" என்றார் காக்கா.

ஆனால் நேரம் போய்விட்டிருந்தது. நான் சுவரைத் தட்டிய நாளுக்கு முன்பே காக்கா பேசி வைத்திருந்த பெயின்டர், வேலை தள்ளிப்போனதால் சாத்தான்குளம் பக்கம் போய்விட்டான். வேறு ஆள் வர நாளாயிற்று. வந்தவன் உப்புச் சுவரைச் சுரண்டிக் காயப்போட்டான். அது காய நாளாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவளும் பைக்கில் எங்கள் புது வீட்டுக்கு வந்தார்கள். நல்ல பையன். டயர் கடைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினான்.

"சார், லீவை ஒரு மாசம் நீட்டிக் கேக்கணும். உங்க இங்கிலீஷ்ல ஒரு மெயில் எழுதிக் கொடுத்தா மேனேஜர் அசந்துருவாருன்னு இவ சொல்லுதா."

"காரணம் என்ன போடட்டும்?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் என்னைப் பார்க்காமல், "ஃபேமிலி ரீசன்னு போடுங்க சார். வேற என்ன போட?" என்றாள்.

முப்பத்து நான்கு வருடத்தில் அப்படி ஒரு கடிதம் நான் எழுதியதில்லை. நான்கு முறை அடித்து எழுதினேன். பணிவு, தெளிவு, ஒரு சொல் கூடுதல் இல்லை. புதிதாக மணமானவர், வீடு இன்னும் தயாராகவில்லை, எதிர்பாராத தாமதம். 'எதிர்பாராத' என்ற சொல்லில் என் விரல் நின்றது. அதை எடுத்துவிட்டேன். மனைவி அவர்களுக்குப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான்கைந்து நாள் கழித்து அவன் பள்ளி வாசலில் நின்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "மேனேஜர் போன் போட்டாரு சார். இத யாரு எழுதுனது, இவ்வளவு நல்ல இங்கிலீஷ் நம்ம ஆபீஸ்லயே யாருக்கும் வராதுன்னாரு. லீவுதான் இல்லன்னுட்டாரு."

பக்கத்தில் நின்ற அவள் சிரிக்கவில்லை. வருகைப்பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "மணி அடிச்சாச்சு சார்" என்றாள்.

பெயின்ட் காய்ந்து, அவர்கள் அந்த வீட்டுக்குள் போனபோது அவன் விடுப்பில் ஒரு வாரம்கூட மிச்சமில்லை. பிறகு அவன் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினான். மறுநாள் அவள் வேலைக்கு வந்தாள். மாலை வகுப்புப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு யாரும் 'நோ, நவ்' என்று கேலி பேசவில்லை. நான் கரும்பலகையில் தேதியை எழுதினேன். பிறகு என்ன எழுதுவதென்று தெரியாமல் அதற்குக் கீழே ஒரு கோடு போட்டேன்.

அடுத்த வாரம் காக்கா என்னைப் பள்ளியில் வந்து பார்த்தார். "மாப்புள வர ரெண்டு வருசம் ஆகும் சார். மக எங்ககூடத்தான் மூத்தவ வீட்டுல இருப்பா, தனியா விட முடியாது. வீடு சும்மா பூட்டிக் கிடக்கும். நீங்களும் இந்த வயசுல பஸ்ல அலையுதீங்க. திரும்பி வந்துருங்களேன்."

அங்கேயே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "வீட்டுல கேட்டுச் சொல்லுதேன் காக்கா" என்றேன். பஸ்ஸில் போகும்போது அந்த ஏழு ஜன்னலில் எதன் அருகே என் மேசையைப் போடலாம் என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்கு அந்த வீடு பிடிக்கும். முடுக்குல வந்து பேசுற பொம்பளைங்கள அதவிடப் பிடிக்கும். அதனாலதான் வரமாட்டேன். அந்தப் புள்ள ரெண்டு வருசத்துக்கு, நெனச்சப்போ வந்து அந்த உள்ளறைக் கதவத் தொறந்து மூடிட்டு இருக்கணும். அவ புருசன் இருந்த வீடு அது. அதுல போயி நீங்க கால நீட்டி உக்காருவீங்களா?"

மறுநாள் காக்கா வீட்டுக்குப் போனேன். முடியாது, ஆறுமுகநேரியே எங்களுக்குச் சௌகரியமாக இருக்கிறது என்றேன். அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. தோள்கூடக் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று அவர் ராத்திரி முழுக்கப் பயந்திருக்கிறார். சொல்லியிருந்தால் கொடுத்தும் இருப்பார். புதுப் பெயின்ட் அடித்த வீட்டை, மகளின் கட்டிலை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, சாயாவோடு கொடுத்திருப்பார்.

"யோசிச்சுப் பாருங்க சார்" என்று ஒரு முறை சொன்னார். மரியாதைக்கு இன்னொரு முறையும் சொன்னார். மூன்றாவது முறை சொல்வதற்குள் நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். மூன்றாவது முறை கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கு அப்போதும் உறுதியாகத் தெரியவில்லை.